மாமன் சீருக்காகத் திறந்த எஞ்சின்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. அழாமல் எழுதி முடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தாரோ என்னவோ. அது உண்மைதான். இந்த ஓராண்டில் எனக்கு அழுகை வரவில்லை. சமைக்கிறேன், பள்ளிக்கூடம் போய்ப் பூகோளம் நடத்துகிறேன், யாராவது அண்ணனைப் பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டுச் செய்தி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது காரமடையில். சிறு வயதிலேயே தோட்டத்து மோட்டாரைக் கழற்றிப்போட்டு அப்பாவிடம் அடி வாங்கியவர். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். படிப்பை விட்டுவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.எட். வரை படித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். படிக்க ஆசைப்பட்டது எஞ்சினை, ஓய்வு பெறும்வரை புரட்டியது கோப்புகளை. அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

யாரையும் முகம் சுளிக்க வைக்கத் தெரியாதவர். காலை மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். எஞ்சினைக்கூட இவர் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார் என்று அண்ணி கேலி செய்வதுண்டு.

ஓய்வு பெற்றதும் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கித் துடியலூர் வீட்டு வாசலில் நிறுத்தினார். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அதன் அடியிலிருந்து தட்டுகிற சத்தம் வர ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது என்றார்களாம். தாய்மாமன் சீர் அந்த ஜீப்பில்தான் வரவேண்டும் என்பது அண்ணனின் முடிவு. வாடகை வண்டியில் வந்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "என்ற மருமகளுக்குச் சீரு என்ற வண்டியில வந்தாத்தான் அம்மணி எனக்குப் பொருந்தும்" என்றார். தானே பேரிங் மாற்றுவதென்று உட்கார்ந்துவிட்டார்.

பிஸ்டனை அடியில் சுழலும் கிராங்கோடு இணைப்பது கனெக்டிங் ராடு. அது கிராங்கைப் பிடிக்கிற இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். அதுதான் பேரிங். அது தேய்ந்தால் எஞ்சின் தட்டும். பூகோளக்காரியான எனக்கே இவ்வளவு தெரிந்துவிட்டது. அண்ணன் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொள்வார். யாரோ ஒருவருடைய காதணி விழா பேனர் அது. ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, ஒவ்வொரு ராடின் மூடியிலும் உளியால் புள்ளி வைத்தார். ஒன்றாவதற்கு ஒரு புள்ளி, நாலாவதற்கு நாலு. மூடி இடம் மாறினால் எல்லாம் கெட்டுவிடும் என்றார்.

புது பேரிங் வாங்கி வந்த பிறகுதான் உக்கடத்து லேத் பட்டறை பாய் மைக்ரோமீட்டரோடு வந்து அளந்து பார்த்தார். இந்தக் கிராங்கை முன்பே ஒருமுறை கடைந்து மெலிதாக்கியிருக்கிறார்கள், இதற்குக் கனம் கூடின பேரிங்தான் சேரும் என்று சொல்லிவிட்டு, ஏதோ தான் தப்புச் செய்தவர்போல நின்றாராம். கடைக்காரர் சங்கடப்படுவாரே என்று அண்ணன் முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புதிதாக இன்னொரு செட் வாங்கினார். முதல் செட் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பத்திரிகை வைக்க நான் கோயம்புத்தூர் வந்திருந்த ஒரு மத்தியானம். அண்ணி அக்கம்பக்கத்தில் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தார். நான் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மூடியை முறுக்கிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. பத்து நாளைக்கு முன்பே டாக்டரிடம் காட்டியிருக்கிறார். இருதயத்தில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, உடனே வந்து படுங்கள், பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணிகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. பயந்துக்குவா" என்றார். பிறகு, "என்ன பண்ணட்டும், சொல்லு" என்று கேட்டார்.

அண்ணன் என்னிடம் யோசனை கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட மாமன் இல்லாத மணவறையை நினைத்தேன். சம்பந்தி வீட்டார் என்ன கேட்பார்கள் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தானே என்றும் நினைத்தேன்.

"கல்யாணம் முடியட்டுங்ணா. அடுத்த நாளே போயிறலாம்" என்றேன்.

அவர் சரி என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். மூன்றாவதையும் முடித்தார், நாலாவதையும் முடித்தார். நான் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சீர்த் தட்டுகளோடு அன்னூர், புளியம்பட்டி வழியாக ஜீப் கோபி வந்து சேர்ந்தது. ஒரு தட்டல் இல்லை. மண்டப வாசலில் எஞ்சினை அணைக்காமல் பாயைக் கூப்பிட்டுக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். என் மகளுக்குப் பட்டம் கட்டினார். எல்லாப் படத்திலும் சிரிக்கிறார். அடுத்த நாளே போகலாம் என்றவள் நான். அடுத்த நாள் மறுவீட்டு விருந்து, அதற்கடுத்து மண்டபத்துப் பாத்திரம், பந்தல் என்று போய்விட்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பலர், எஞ்சின் தட்டினது கேட்ட மனுசனுக்கு நெஞ்சு தட்டினது கேட்காமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள். நானும் தலையாட்டினேன். அவருக்குக் கேட்டிருந்தது. எனக்கும் கேட்டிருந்தது. ஓராண்டாக இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. அண்ணன் சொல்லாதே என்றதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததால் இங்கே எழுதுகிறேன். வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள்.

கதவை உடைத்துத் தூக்கிய பக்கத்து வீட்டுத் தம்பிமார்களுக்கும், காரியம் முடியும்வரை கூடவே இருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்ட காரமடைச் சொந்தங்களுக்கும், சங்கத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாரம் ஒருமுறை வந்து ஜீப்பை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கிக்கொள்ளாமல் போகிற பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார். டார்ச் அடித்த இடம் வந்ததும் திரும்ப ஒருமுறை படித்தார். தாள்களை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"எங்கிட்டயும் சொன்னாரு அம்மணி. உங்கிட்டச் சொல்லிப்போடாத, கல்யாண வேலையில பயந்துக்குவான்னாரு" என்றார். "நானும் கல்யாணம் முடியட்டும்னுதான் சொன்னேன்."