கௌதாரிக்கு ஒரு சட்டை

அந்த வெள்ளைக் கவுன் மேடை விளக்கில் மின்னியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாட்டின் துணி, தோளில் வலைத்துணி, இடுப்பைச் சுற்றி வெள்ளிச் சரிகை. டெய்லர் அலுத்துக்கொள்ளும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைக்கச் சொல்லியிருந்தேன். எங்கள் சர்ச் சபையில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கும். கடைசி நாள் மாலையில் ஒரு நாடகம் உண்டு. அந்த வருடத்து நாடகம் நான் எழுதியது. கவுனைப் போட்டுக்கொண்டு நின்றவள் பாடகர் குழு மாஸ்டரின் மகள். ஆனால் என் கண்ணுக்கு அவள் கௌதாரியாகத்தான் தெரிந்தாள்.

கௌதாரி நான் உண்டாக்கிய பெண். பத்து வயதுக்காரி, வாயாடி, எதற்கும் பயப்படாதவள். கௌதாரிப் பறவை பறப்பதைவிட ஓடுவதுதான் அதிகம் என்பதால் அந்தப் பெயர். பாலாற்று மணலில் ஓடுவாள், சுவர் ஏறிக் குதிப்பாள், தொலைந்துபோன ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறுவாள். பள்ளிக்கூடத்து நாட்களிலேயே அவளை வரைந்து கதை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு கதையையும் முதலில் கேட்பவன் என் அண்ணன். அவன் சிரித்தால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். படித்து முடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். டிசைன் பிரிவு என்று பெயரே தவிர, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அளவெடுத்து வெட்டுவதுதான் வேலை. தையல் எங்கே வர வேண்டும் என்பதைக்கூட அவர்களே சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்க அடுத்தவர் யோசனைக்குக் கை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எனக்கென்று இருந்தவள் கௌதாரி ஒருத்திதான்.

அந்த நாடகத்தின்போது என் பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கலவைப் பக்கத்து ஊர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். வந்த கொஞ்ச நாளிலேயே வீடு அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. "இவ வச்ச மீன் குழம்பு மாதிரி வருமா" என்று அம்மா என் காதுபடச் சொல்வார். நான் புதுக்கதை சொல்லப் போனால் அண்ணன், "இரு, அவளும் வரட்டும், சேர்ந்து கேக்குறோம்" என்பான். சேர்ந்து கேட்பதில் எனக்கு என்ன குறைந்துவிடும் என்று இன்றுவரை என்னால் விளக்க முடியாது. ஆனால் குறைந்தது. அண்ணன் சிரிப்பதற்கு முன்பு ஒரு கணம் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொள்வான்.

நாடகம் நான் நினைத்தபடி போகவில்லை. ஆட்டுக்குட்டியைத் துரத்தி ஓடவேண்டிய இடத்தில் மாஸ்டர் மகள் இரண்டு கையாலும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். சுவர் ஏறும் இடத்தில் வலைத்துணி ஆணியில் மாட்டிக்கொண்டது. வாயிலிருந்து வந்ததெல்லாம் கௌதாரியின் பேச்சு. கையும் காலும் கல்யாணப் பெண்ணுடையவை. முடிந்ததும் எல்லோரும், "பொண்ணு எவ்ளோ அழகா இருக்கா" என்றார்கள். ஒருவர்கூடக் கதையைப் பற்றிப் பேசவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த கோடை நெருங்கியபோது, அண்ணி கௌதாரி கதைகள் எல்லாவற்றையும் படிக்கக் கேட்டார். கொடுத்தேன். வேலூருக்குப் போகும் பஸ்ஸிலும் வரும் பஸ்ஸிலும் படித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, கௌதாரிக்குப் பாக்கெட் எங்க?"

"கவுனுக்கு இன்னா பாக்கெட் அண்ணி?"

"இல்ல, ஒவ்வொரு கதையிலயும் எதையாவது எடுத்து நீட்டுறாளே. கயிறு, ஆணி, பொரி, ஒரு தபா தவளைகூட. இதெல்லாம் எங்கேர்ந்து எடுக்குறா?"

இத்தனை வருடம் எழுதியவள் நான். அவள் எதையோ எடுத்தாள் என்று எழுதினேனே தவிர, எங்கிருந்து என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அவ ஓடுற பொண்ணு. அந்தக் கவுன்ல அவளால மூச்சுகூட விட முடியாது. நான் வேணா ஒண்ணு தச்சுப் பாக்கட்டுமா? புடிக்கலன்னா உட்ருவோம்."

அண்ணன் உடனே, "தை, தை" என்றான். என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அண்ணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தேன்.

அண்ணனின் பழைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துத் தோளைப் பிரித்துச் சிறிதாக்கினார். கையை முழங்கை வரை மடித்து, அந்த மடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும்படி தைத்தார். பேரணாம்பட்டில் ஒரு கடையில் தோல் கழிவுத் துண்டுகளை எடை போட்டு விற்பார்கள். அங்கே போய்ச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மெல்லிய துண்டுகளாகப் பொறுக்கி வந்து சட்டை முழுக்கப் பாக்கெட் வைத்தார். ஒரு பாக்கெட் முதுகில். அதிலிருந்து எதையாவது எடுக்கவேண்டுமென்றால் கௌதாரி நாய் தன் வாலைத் துரத்துவதுபோல் சுற்றவேண்டும். நான் இடுப்பு வரை வரைந்திருந்த பின்னலை விட்டுவிட்டு, மாஸ்டர் மகளுக்குக் கண்ணாடி பார்க்காமல் தானே முடிந்துகொண்டதுபோல் இரண்டு கொண்டை போட்டார். ஷூ கம்பெனிக்காரியான நான் அவளுக்கென்று ஆசையாக வரைந்த வெள்ளிநிற ஷூவைப் பார்த்து, "இது வேணாமே. செருப்பைக் கழட்டிப் பாக்கெட்டுல சொருகிக்கினு ஓடுவா இவ" என்றார். அது என்னை நன்றாகவே குத்தியது. குத்தியதற்குக் காரணம், அவர் சொன்னது சரி.

கடைசியாகச் சட்டையின் உள்பக்கம், நெஞ்சுக்கு நேராக, ஒரு சின்னப் பாக்கெட். வெளியே தெரியாது. நாடகத்திலும் அதற்கு வேலையில்லை.

"இது எதுக்கு அண்ணி?"

"யார்கிட்டயும் காட்டாதது ஒண்ணு அவகிட்ட இருக்கும் இல்ல."

அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை சாதாரணமானதல்ல. அழகாகத் தைக்கிறாரே என்று வந்ததல்ல அது. தான் பெற்ற பெண் பக்கத்து வீட்டில் போய்த் தன் மனதைத் திறந்துவிட்டு வந்தால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? கௌதாரிக்கு ஒரு ரகசியம் இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வெள்ளைக் கவுனை யோசித்துப் பார்த்தேன். சிறு வயதில் கிறிஸ்துமஸுக்கு நான் கேட்டுக் கிடைக்காமல் போன கவுன் அது. அவளுக்கு எது பொருந்தும் என்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேண்டியதை அவளுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். அண்ணி அவளைப் பார்த்திருக்கிறார்.

அந்த வருடம் மாஸ்டர் மகள் மேடைக்கு நடந்து வரவில்லை, பாய்ந்து வந்தாள். பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவிக் கயிற்றை எடுத்தாள், பொரியை வாயில் போட்டுக்கொண்டாள், முதுகுப் பாக்கெட்டுக்காகச் சுற்றிச் சுற்றிக் கீழே விழுந்தாள். அது நான் எழுதாதது. பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டு, "கீழ பாக்கெட்டுல பாரு, கீழ" என்று கத்தினார்கள். முடிவில் ஆயர் மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் நம்ம நர்ஸம்மாவோட கைவண்ணம்" என்றார். அண்ணி எழுந்து, "கதை இவளோடது ஐயா" என்று என்னைக் காட்டினார். கைதட்டினார்கள். ஆனால் அவர் காட்டியதால் கிடைத்த கைதட்டல் அது. வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் என் தோளில் தட்டி, "இப்பதான் இவ நெஜ கௌதாரி" என்றான். அதற்கு முன்னால் நான் வரைந்தவளெல்லாம் யார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மறுநாளே தெருப் பிள்ளைகள் பழைய சட்டையோடு எங்கள் வாசலில் நின்றார்கள். "நர்ஸக்கா இருக்காங்களா? பாக்கெட் வைக்கணும்."

கொஞ்ச காலம் அந்தச் சட்டை இல்லாமல் கௌதாரியை எழுதிப் பார்த்தேன். மழையில் நனைந்துவிட்டது, துவைத்துக் காயப்போட்டிருக்கிறது, ஆடு தின்றுவிட்டது. எப்படித் தொடங்கினாலும் நான்காவது வரியில் அவள் கை பாக்கெட்டைத் தேடியது. போதாததற்கு, சட்டை வந்த பிறகு கதைகள் தாமாகவே வரத் தொடங்கின. எந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தாலே ஒரு கதை. நான் எழுதியவற்றில் நல்லவை எல்லாம் அதற்குப் பிறகு எழுதியவைதான். இதை ஒப்புக்கொள்ளும்போதெல்லாம் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் இருக்கும்.

பிறகு அண்ணிக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அண்ணனும் கூடவே போனான். வீட்டில் நானும் அம்மாவும்தான். சென்னையில் சிறுவர் நூல்கள் போடும் சின்னப் பதிப்பகம் ஒன்று போன வருடம் கௌதாரியைப் புத்தகமாகக் கொண்டுவந்தது. படங்கள் நான் வரைந்தவை. உடை அண்ணி கொடுத்தது. முதல் பக்கத்தில் அப்படியே போடச் சொன்னேன். பள்ளிக்கூடங்களுக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். கலவையிலும் வாலாஜாபேட்டையிலும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பாக்கெட்டெல்லாம் எப்படி மிஸ் யோசிச்சீங்க?" எங்க அண்ணி வச்சது என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். இத்தனை முறை சொன்ன பிறகும் நாக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

மஸ்கட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்த மறுநாள் மாலையே அண்ணி போன் செய்தார். நான் கம்பெனி வேனை விட்டு இறங்கி, ரயில்வே கேட் திறப்பதற்காகக் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். புத்தகத்தை ஒரே மூச்சில் படித்ததைச் சொன்னார், அண்ணன் அதை வேலை இடத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டதைச் சொன்னார். பிறகு பேச்சை மாற்றினார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்ல. கல்யாணமான புதுசுல உன் மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா? உங்கண்ணன் எந்நேரமும் உன் கதையப் பத்தியேதான் பேசுவாரு. ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஒரு பொண்ண உண்டாக்கி, அவள ஊர் முழுக்க ஓட வச்சிட்டியே. எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் அது வராது. அவளுக்கு ஒரு சட்டையாவது நம்ம கையால தச்சுப் போட்டுடணும்னு ஆயிடுச்சி எனக்கு. அதான் அப்படி உக்காந்து தச்சேன்."

ரயில் இன்னும் வரவில்லை. கேட் அருகே யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நானும் இத்தனை வருடம் உங்களைப் பார்த்து இதே பொறாமைதான் பட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளங்கால் வரை இதமான ஒரு குளிர்ச்சி இறங்கியது.

"லைன் சரியில்ல அண்ணி, சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் அண்ணி சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.