ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றித் தந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயாரிப்பதுதான் எங்கள் தொழில். கணினி சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

ஆபீஸ் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் கொஞ்ச நாளாக அடிக்கடி நின்றுபோனது. பழைய பெட்டி. அதற்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று விற்ற கடைக்காரர் சொன்னார். சனிக்கிழமை அரைநாள் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஸ்விட்ச்சில் ஒரு விளக்குகூட எரியவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டும் அது எழவில்லை.

துறைமுகத்தில் வெங்காயம் ஏற்றிய கண்டெய்னர்கள் வந்து காத்திருந்தன. கணினிகள் இணையாமல் திங்கட்கிழமை காலையில் பத்திரங்கள் போகாவிட்டால் வெங்காயம் வெயிலில் கிடந்து அழுகும். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் பலரின் சரக்கு அது.

ஸ்விட்ச் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். கோலாலம்பூரிலிருந்து வேறு ஸ்விட்ச் வரச் சில நாளாகும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, பினாங்கில் அதே மாடல் இன்னொரு ஆபீஸில் இருப்பதாகச் சொல்லி எண்ணையும் கொடுத்தார். அது எங்கள் போட்டி நிறுவனம். எங்கள் முதலாளிக்கு அவர்கள் பெயரைச் சொன்னாலே முகம் மாறும்.

வேறு வழியில்லாமல் அழைத்தேன். அங்கே கணினியைக் கவனிக்கும் பெண்தான் எடுத்தார். முன்பின் தெரியாதவர். நடந்ததைச் சொன்னேன்.

"அதே மாடல்தான் இங்க இருக்கு. இருங்க அக்கா, போஸைக் கேட்டுட்டு வரேன்."

அந்தச் சில நிமிடங்கள் எனக்கு யுகமாகப் போயின.

"எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நானே கெரேத்தாவுல கொண்டாறேன். நீங்க வாசல்ல நில்லுங்க, அங்க பார்க்கிங் கிடைக்காது லா."

மழைத் தூறலில் கெரேத்தாவை ஓட்டி வந்து, துணியில் சுற்றிய பெட்டியை அந்தக் காரின் ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கியதும் திடுக்கிட்டேன். உபரியாகக் கிடந்ததைத் தருகிறார் என்று நினைத்திருந்தேன். பெட்டி இன்னும் சூடாக இருந்தது.

"இது ஓடிக்கிட்டிருந்ததா? அப்ப உங்க ஆபீஸ்?"

"இதே வேலை செய்யிற பழைய ஹப் ஒன்னு மூலையில கிடக்கு, அதைப் போட்டுக்கிறோம். கொஞ்சம் ஸ்லோவா இருக்கும், அவ்வளவுதான். வெங்காயம் தாங்காது லா அக்கா!"

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நன்றியைச் சரியாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

பெட்டியை மாட்டியதும் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக எரிந்தன. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். திங்கட்கிழமை பத்திரங்கள் நேரத்துக்குப் போயின, வெங்காயமும் தப்பியது.

எங்களுக்குப் புது ஸ்விட்ச் வந்ததும், அவர்களுடையதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அதற்குள் முழுக் கதையும் முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அவர் என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தானே சுமந்துகொண்டு என்னோடு அந்த ஆபீஸ் படியேறினார்.

மிச்சம் இருப்பதை எடுத்துக் கொடுப்பதையே பெரிய உதவியாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். தனக்கு வேண்டியதையே நிறுத்திக் கழற்றித் தந்த அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு, உதவி கேட்டு வருகிற யாரிடமும் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.