செல்லியின் பின்னங்கால்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். மனிதர் நல்லவர்தான், ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் எனக்குப் பேச்சுத்துணை செல்லிதான். செல்லி எங்கள் பூனை. கறுப்பு உடம்பு, இந்த ஊர்ப் பூனைகளுக்கே உரிய குட்டை வால், மகாராணித் திமிர். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காலில் வந்து உரசினால் "சூ, போ" என்பார், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அவரை அனுப்பிவிட்டு, கொல்லையில் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால், செல்லி கூடத்தில் சரிந்து கிடக்கிறாள். மீன் தலையைக் காட்டிக் கூப்பிட்டேன். முன்னங்காலை ஊன்றி எழுந்தாள். பின்பக்கம் தொப்பென்று விழுந்தது. இரண்டு பின்னங்கால்களும் தரையில் இழுபடத் தவழ்ந்து வந்தாள்.

பாம்பு தீண்டியதோ, பூரான் கடித்ததோ என்று கால்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். காயமே இல்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தேன். வயிற்றுப் பக்கம் கை போனால் மட்டும் சீறினாள். என் புலம்பலைக் கேட்டு அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஓடி வந்தார்.

"ஐயோ பிள்ளை, இது வாதம். இனி எழும்பாது. கிடந்து வதைபடாமல் சாக்கில போட்டு ஆத்தில விட்டா அதுக்கும் நிம்மதி" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் பூனைக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள்? மத்தியானத்துக்குள் அவரே சாக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் செல்லியை மடியில் இறுக்கிக்கொண்டு, தர மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வந்தார். போச்சு, 'கொண்டு போங்க' என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்னங்க, செல்லிக்குப் பின்னங்காலு ரெண்டும் விழுந்துடுச்சுங்க. காலையிலேருந்து இழுத்துக்கிட்டே கெடக்கு" என்றேன்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, செல்லி பிறாண்டப் பிறாண்ட அவள் வயிற்று ரோமத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார். "கத்திரிக்கோலை எடு" என்றார். நறுக்கென்று ஒரு வெட்டு. கையோடு வந்தது ஒரு கறுப்புக் கயிறு. பச்சைக் குழந்தைக்குக் கண் படாமலிருக்க இடுப்பில் கட்டுவோமே, அதே கயிறு!

செல்லி உடம்பை ஒரு உதறு உதறினாள். எழுந்தாள். நாலு காலிலும் ஜம்மென்று நடந்துபோய் மீன் தலையைக் கவ்விக்கொண்டாள்.

"நேத்து குவே பலகாரம் விக்கிற மலாய்க்காரம்மா 'சாந்தெக், சாந்தெக்'னு இதோட அழகை வாய் ஓயாம சொல்லிட்டுப் போச்சுல்ல... கண்ணு பட்டுடுமேன்னு காலையில கட்டிவிட்டேன். இப்படி இறுகிப் போகும்னு தெரியல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அட, இவ்வளவு பாசமோ உங்களுக்கு!" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது மனசு நிறைந்து கிடந்தது.

பிள்ளை இல்லாத ஏக்கம் எனக்கு மட்டும்தான் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த மனிதருக்கும் அது இருந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவர் பேசாமல் இருப்பது எனக்கு ஒரு நாளும் குறையாகப் பட்டதில்லை.