ஸ்வெட்டரால் மூடிய கால்

பகல் பன்னிரண்டு பத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. சம்பளச் சீட்டு அடிப்பதற்கான தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குள் போனேன். உள்ளே யாரும் இல்லை. பிரிண்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில், ஜாலான் புசார் தெருவில், இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கம்பெனி எங்களுடையது. கீழே கடை, மேலே ஆபீஸ், ஆபீஸின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டர். அந்தப் பிரிவில் இரண்டே பேர். பொறுப்பாளர் நான். இயந்திரத்தை ஓட்டுபவர் என்னைவிட மூத்தவர், பிடோக்கில் வீடு, மூன்று பெண் பிள்ளைகள். அதிர்ந்து பேசமாட்டார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். அன்று அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

அந்தக் காலத்து பிரிண்டருக்குப் படம் போடத் தெரியாது. எழுத்துதான் தெரியும். ஆனால் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் எம்மும் டபிள்யூவும் நெருக்கமாகவும், வெளுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகளாகவும் அடிக்கச் சொல்லிவிட்டால், தள்ளி நின்று பார்க்கும்போது படம் தெரியும். கிட்டே போனால் எழுத்துக் குப்பை. நான் கதவருகில் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரு கால்.

ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும். வெறும் கால். தொடையிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம் என்று துணியே இல்லாமல், வரி வரியாக, கடகடவென்று வெளியே வந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் பிரிண்டரை நிறுத்தினேன். பெட்டி கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. அந்த அறை எப்போதும் குளிராக இருக்கும் என்பதால் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்போம். என்னுடையதைக் கழற்றி அந்தக் காலின் மேல் போர்த்தினேன்.

நான் பதறியதற்குக் காரணம் இருந்தது. வேறு ஏதோ ஆபீஸில் யாரோ தகாத படங்களை அடித்து விற்றதாக மேனேஜர் காப்பிக் கடையில் கேட்டுவிட்டு வந்து, எங்களுக்கு ஒரு விதி போட்டிருந்தார். கம்பெனி கம்ப்யூட்டரில் சட்டவிரோதமான எதையாவது பார்த்தவர் உடனே மேலதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். செய்தவருக்கு வேலை போகும், போலீசும் வரும். பார்த்தும் அறிவிக்காதவர் உடந்தை. கடைசி வாக்கியம் என்னுடையது. விதி என்றால் கொஞ்சம் கடுமையாக இருக்கட்டுமே என்று நானே சேர்த்து டைப் அடித்தேன்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். வந்தவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"சார், உள்ள வந்து பாருங்க."

"இரும்மா. நான் பார்த்தா நான் யாருக்கு ரிப்போர்ட் பண்றது?"

"முதலாளிக்கு சார்."

"முதலாளி பார்த்தா?"

"போலீசுக்கு."

"அப்ப நான் பார்க்கல. நீ பார்த்ததைச் சொல்லு, போதும்."

"கால் சார்."

"எது வரைக்கும்?"

"தொடை வரைக்கும்."

"துணி?"

"இல்ல சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, "மேல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடித்து முடித்த தாள் மடிப்பு மடிப்பாகப் பின்பக்கத்துக் கூடையில் போய் விழும். முதலில் அடித்தது அடியில் கிடந்தது. ஒரு மடிப்பை எடுத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் கால் ஒன்றைப் பார்த்ததற்கே இந்தப் பாடு. மிச்சத்தையும் பார்த்துவிட்டு அதற்கு யாரிடம் போய் நிற்பது?

சாட்சி வேண்டும் என்றார் மேனேஜர். ஆபீஸில் ஆள் விவகாரங்களைக் கவனிக்கும் அக்காவைக் கூப்பிட்டோம். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ, நான் கண்ணாடியக் கழட்டிடறேன்லா. அப்பதான் எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் ஸ்வெட்டரைக் கொஞ்சம் தூக்கினேன்.

எழுத்தால் போட்ட படத்தில் ஒரு வம்பு உண்டு. கண் மங்கலாக இருந்தால்தான் எழுத்துகள் ஒன்றோடொன்று குழைந்து படம் அச்சு அசலாகத் தெரியும்.

"அய்யய்யோ!" என்றார் அக்கா. "நல்லாத் தெரியுதே! கொழுகொழுன்னு இருக்கே! மூடும்மா, மூடு!"

"பார்த்துட்டீங்கல்ல? நீங்களும் ரிப்போர்ட் பண்ணணும்" என்றார் மேனேஜர் கதவுக்கு வெளியிலிருந்து.

"யாருகிட்ட?"

"என்கிட்ட."

"பண்ணிட்டேன். எனக்குப் படபடன்னு வருது. தண்ணி குடுங்க."

இதற்கிடையில் கீழே கிடங்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே சம்பளம் தருவதாகச் சொல்லியிருந்தோம். சீட்டு அடிக்கவேண்டுமென்றால் அந்தத் தாளை எடுக்கவேண்டும். எடுத்தால் ஆதாரத்தைக் கலைத்ததாகும் என்றார் மேனேஜர். பிரிண்டர் அப்படியே நின்றது. நான் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டு அதற்குக் காவல் நின்றேன்.

இயந்திரத்தை ஓட்டுபவரின் வீட்டுக்கு மேனேஜர் போன் செய்தார். பேசியது அவர் மனைவி. மேனேஜர் ரிசீவரைச் சற்றே தள்ளிப் பிடித்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அவரு கோயில்ல இருக்காரு சார். ஏன் சார், ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? ஒரு வாரமாவே லேட்டாத்தான் வராரு. சுருட்டின பேப்பரைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வருவாரு. பிள்ளைங்க தொடக்கூடாதுன்னு கட்டிலுக்கு அடியில வெச்சிடுவாரு. இன்னைக்குக் காலையில எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

மேனேஜர் போனை வைத்தார். "ஒரு வாரமா நடக்குது. வெளிய எடுத்துட்டும் போயாச்சு. இப்ப மனசு குத்துது, சாமியார்கிட்ட பாவமன்னிப்புக் கேக்கப் போயிருக்கான்."

"சார், மூணு பொண்ணுங்க சார் அவருக்கு" என்றேன். "அவர் வரட்டும். ஒரு வார்த்தை கேட்டுட்டு முதலாளிகிட்ட சொல்லலாம்."

"அவன் வந்து என்னம்மா சொல்லப் போறான்? கால் தானா வந்துச்சுன்னா? முதலாளி நாலு மணிக்கு வருவாரு. வந்ததும் நான் சொல்லலன்னா நானும் உடந்தை. நீதானே டைப் அடிச்சே?"

இயந்திரத்தை ஓட்டுபவரின் மூத்த பெண்ணும் என் மகளும் வரும் ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். போன வாரம்தான் இருவருக்கும் சேர்த்துப் புத்தகம் வாங்கப் போவது பற்றிப் பேசியிருந்தோம். அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பெண் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவாள்? கிழித்துக் கழிவறையில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அப்படிச் செய்துவிட்டுப் பிடிபட்டால் என் மகள் எந்த முகத்தோடு போவாள் என்றும் உடனே தோன்றியது. ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றேன். இப்போதும் எங்கேயாவது அந்த மாதிரி பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டால் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.

கீழே சத்தம் அதிகமானது. "மெஷின் ரிப்பேரா, காசு இல்லையா, ஒண்ணு சொல்லுங்கலா!" என்று யாரோ மாடிப்படியிலிருந்து கத்தினார். அந்த நேரத்தில் முதலாளியின் காரும் வந்து நின்றது. மேனேஜர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கப் போனார். இரண்டு படிதான் இறங்கியிருப்பார், அப்படியே பின்னால் ஏறி வந்தார்.

அவருக்கு எதிரே மேலே வந்தவர் ஒரு பாதிரியார். வெள்ளை அங்கி, அதில் இரண்டு மூன்று இடங்களில் பசை. மூச்சு வாங்கியது. பின்னால் என்ன ஏது என்று தெரியாமல் முதலாளி.

"ஃபாதர், விஷயம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மேனேஜர், மிகவும் தாழ்ந்த குரலில்.

"தெரியாம என்ன? நான்தான் செய்யச் சொன்னேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஸ்வெட்டரைப் பார்த்தேன்.

"எங்க இருக்காரு நம்ம பாலன்?" என்றார் பாதிரியார், கண்ணாடித் தடுப்புக்குள் எட்டிப் பார்த்து. "கோயில்ல கிறிஸ்துமஸ் மேடைக்குப் பின்னால சுவர் முழுக்க பெரிய படம் போடறோம். மாதா, சூசையப்பர், மாடு, எல்லாரையும் துண்டு துண்டா ஒட்டியாச்சு. மாதா மடியில குழந்தை இருக்கிற துண்டு மட்டும் இன்னும் வரல. மத்தியானம் அடிச்சு முடிஞ்சிரும், போய் எடுத்துட்டு வாங்க ஃபாதர்னு உங்க ஆள் ஏணி மேல நின்னுக்கிட்டுச் சொன்னாரு."

நேராக உள்ளே வந்தார். கூடையிலிருந்த தாளை அடியோடு அள்ளித் தூக்கினார். மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தொங்கின. மேலே ஒரு குழந்தையின் முகம், அதைச் சுற்றி ஒளிவட்டம். அதன் கீழே உருண்டை வயிறு. அதன் கீழே, சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய, மடிப்பு விழுந்த குழந்தைத் தொடை. இரண்டு பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் நான்.

பாதிரியார் தாளின் நுனியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நிற்கும் என்னைப் பார்த்தார். அதை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார்.

"குளிருமேன்னு உங்களோடதையே கழட்டிப் பாலனுக்குப் போர்த்தி விட்டிருக்கீங்க. நல்லா இருப்பீங்கம்மா" என்றார்.