ஒற்றைக்கால் கொக்கின் காவலர்

கடையின் சோப்பு அலமாரியில் இருந்த, இரண்டு கால் கொக்குப் படம் போட்ட சோப்புகளை எல்லாம் அள்ளி, கழிப்பறை பிரஷ்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார் கொக்கண்ணன். காலியான இடத்தில் அவருடைய ஒற்றைக்கால் கொக்குகள் முகம் தெரிய வரிசையாக நின்றன.

"அண்ணே, நீங்க போனதும் நான்தானே மறுபடி அடுக்கணும்?" என்றார் கல்லாவிலிருந்த கடைக்காரம்மா. "அந்த ரெண்டு காலுதான் ஓடுது. உங்களுது நின்னுக்கிட்டே இருக்கு."

கொக்கண்ணன் என்பது எங்கள் கட்டடத்தில் அவருக்கு வைத்த பெயர். ஊரிலிருக்கும் சோப்புக் கம்பெனி தன் கொக்கு முத்திரையை இந்த நாட்டிலும் பதிவு செய்து, அதைக் காவல் காக்க இவரை அனுப்பியிருக்கிறது. போலிக் கொக்கு இன்னொரு காலையும் ஊன்றிக்கொண்டு சந்தைக்கு வந்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கொக்கின் அலகை அளக்க ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்கும் முன் குளியலறையை விசாரிப்பார். ஒரு புதுமணத் தம்பதி வீட்டில் ஈரச் சோப்போடு வெளியே வந்து, "இது எந்தக் கடையில வாங்கினது?" என்று அதட்ட, மாப்பிள்ளை வெலவெலத்துப்போனான்.

பதிவு செய்த முத்திரையில் மூன்று வருடம் சரக்கு விற்காவிட்டால், அதை நீக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டு கால்காரர்கள் மனுவோடு காத்திருக்கிறார்கள். கொக்கு பறந்தால் கொக்கண்ணனின் வேலை போகும். வேலை போனால் விசா போகும். எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒரே கயிற்றில்தான் தொங்குகின்றன.

சரக்கு விற்கிறது என்று காட்ட, கம்பெனியின் வக்கீலம்மா விற்பனை ரசீது கேட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போன கொக்கண்ணன், ஒரு கட்டு ரசீதை எடுத்துப் பெருமையாக மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் ஒரே கார்டுல வாங்கியிருக்கே. யாரு சார் இந்த ஆளு?"

"நான்தாம்மா."

"இவ்வளவு சோப்பா?"

"அடிக்கடி குளிப்பேன்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களே வித்து நீங்களே வாங்கினா செல்லாது சார். வெளியாள் ஒருத்தராவது வாங்கட்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அப்படி வாங்கிய சோப்பெல்லாம் அவர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மனைவி குளிப்பதோ இரண்டு கால் கொக்கில்தான். "உங்களுது நுரைக்கறதுக்குள்ள எனக்கு பஸ் போயிடுதுங்க" என்பார். இன்று காலை அவசரத்தில் இவரும் அதையே போட்டுக் குளித்துவிட்டார். கடைக்கு வரும் வழியெல்லாம் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்து, "யார்கிட்டயும் சொல்லிடாதப்பா" என்று என்னைக் கெஞ்சினார்.

இப்போது கடை அலமாரி முன் ஒரு பெண் வந்து நின்றார். ஒற்றைக்கால் கொக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கொக்கண்ணன் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தார்.

"உங்க மேல நல்ல வாசனையா வருதே. இந்த சோப்பா போடறீங்க?"

கொக்கண்ணனின் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின.

"எடுத்துக்கோங்கம்மா" என்றார், கொக்கைப் பார்த்து.

சோப்பு கூடையில் விழுந்தது. அந்தப் பெண் கல்லாவை நோக்கி நடக்க, இவர் வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைச் சொறிந்தபடி அப்படியே நின்றார். ரசீது அடிக்கும் சத்தம் கேட்கும்வரை அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.