கூரை தொடாத சுவர்

லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நீண்ட எங்கள் லயத்தில், ஒற்றையறைக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் தாளித்தால் லயத்துக்கே பசியெடுக்கும். அம்மாவின் தம்பியான என் மாமா, கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு ஒரு சிவப்பு அட்டைப் புத்தகத்தோடு எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்த இடைவெளிதான் அவருக்கு ஒலிபெருக்கியானது.

தாடிக்காரர் ஒருவர் எழுதியதாம். பொழுது சாய்ந்து பனி இறங்கியதும் மாமா சத்தமாக வாசிப்பார். நான் கம்பளிக்குள் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். வர்க்கம், உழைப்பு, உபரி என்ற சொற்கள் அடுப்புப் புகையோடு சேர்ந்து கூரையடியில் மிதக்கும். ஒன்றும் விளங்காது, ஆனால் கேட்கச் சுகமாக இருக்கும். எல்லாம் எல்லோருக்கும் என்றாகும் நாளில் மலை முழுக்க வெயிலடிக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பார். "எல்லாம் பொதுவாகணும்ங்கிற. நம்ம பைப்பு பொதுதானே தம்பி? தெனம் அங்கதான குடுமிப்பிடி!"

"பைப்பு பொதுதாங்க அக்கா. தண்ணியத் தொறக்குறவன் நம்ம ஆளா?"

லயமே சிரிக்கும்.

அப்பாவுக்கு வேறு கனவு. தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் கையகலக் காணியில் தனி வீடு. தம்பி எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று அம்மா அதில் மாமாவுக்கும் ஓர் அறை கேட்டு வாங்கினாள். மாமா முரண்டு பிடிக்கவில்லை. தோளில் கல் சுமந்தார். அப்பாதான் சீண்டினார்.

"சொத்தே கூடாதுன்னு படிச்சிட்டு, எங்க சொத்துக்குக் கல்லு சொமக்கிறியே மச்சான்?"

"அடுத்தவன் ஒழைப்புல கொழுக்குற சொத்தத்தான் கூடாதுங்கிறாங்க மச்சான். மழைக்கு ஒதுங்குற கூரைய யாரும் புடுங்கச் சொல்லல."

புது வீட்டில் சுவர்கள் கூரையை முட்டி நின்றன. மாமா வழக்கம்போல வாசித்தார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தித் தலையைத் தூக்குவார். தகரத்தில் மழை மட்டும் கேட்கும். "இப்பதான் நிம்மதியாப் படிக்கலாம்" என்றார் அப்பா, பெருமையாக. கொஞ்ச நாளில் மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இன்னும் இடிக்காமல் கிடந்த எங்கள் பழைய காம்பராவுக்கே போய்விட்டார்.

அப்பாவோடு ஏதோ கோபம் என்று நினைத்தேன். சமாதானம் பேசுவதற்காக ஒரு சாயங்காலம் குழம்பு வாளியோடு லயத்துக்கு இறங்கிப் போனேன். உள்ளே வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. "இன்னொருக்கா சொல்லு தம்பி, வெளங்கல" என்றார் பெரியம்மா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. மாமாவின் முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "மாமா சந்தோசமாத்தாம்மா இருக்காரு. இனி இங்க வரமாட்டாரு."

அம்மா அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். லயத்திலென்றால் ஒரு விசும்பலுக்கே நாலு குரல்கள் "என்னா புள்ள?" என்று கேட்டிருக்கும். அன்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே பேய்மழை. எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எவ்வளவு நல்ல வீடு என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.