மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரே வேளையில்

முதலில் கொண்டைதான் போட முடியாமல் போனது. தலைக்குக் குளித்து, துவட்டி, முடியைச் சுருட்டப் போனால் வலது கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ முழங்கையைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்த்தேன். குளியலறையில் யார் இருக்கப்போகிறார்கள்?

அப்புறம் ரவிக்கை. ஒரு கையை நுழைத்துவிட்டால் இன்னொரு கை போகாது. நைட்டிக்கு மாறினேன். வெயிலுக்கு இதுதான் சௌகரியம் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அது மார்கழி மாதம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச என் மருமகள் கவிதா இதைத் தட்டுகிறாள். நான் பேசுவதை அப்படியே போட்டால் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும் என்று கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கொள்கிறாள். பண்ணிக்கொள்ளட்டும். உங்களில் யாருக்காவது இதே போலக் கை நின்றுபோயிருந்தால் பயப்படாதீர்கள். ஆனால் என்னைப் போல நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கவிதா எப்படிக் கண்டுபிடித்தாள் தெரியுமா? கை மேலே வராததால் நான் தலையைக் கீழே கொண்டுபோக ஆரம்பித்திருந்தேன். சாப்பாட்டு மேசை மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு தலை வாருவேன். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்க வந்துவிட்டாள்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"எறும்பு போகுதும்மா, பாக்குறேன்."

"எறும்ப எதுக்கு சீப்ப வச்சிக்கிட்டு பாக்குறீங்க?"

மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எலும்பு டாக்டர் நல்ல மனிதர். பெங்களூர்க் கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசினார். கையைத் தூக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருப்பார்கள்.

"சக்கரை இருக்காம்மா?"

"இருக்கு சார். மாத்திரை சாப்பிடறேன்."

"எவ்ளோ நாளா இந்த நோவு?"

"தீபாவளி முன்னாடி ஆரம்பிச்சுது சார்."

"இப்ப யுகாதியே வரப்போகுது. இத்தன நாள் ஏன் வரல?"

"வேல இருந்துது சார்."

"என்ன வேல?"

யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கவிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்க.

எனக்கு வந்திருப்பது ஃப்ரோசன் ஷோல்டர் (தோள்மூட்டு இறுகிப்போவது) என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருமாம். ஒரு பிளாஸ்டிக் எலும்பைக் காட்டி, மூட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கும், அது சுருங்கிவிட்டது என்று விளக்கினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கோட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணி தண்ணீரில் சுருங்கிப்போனால், வெளியே கோட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கை தூக்க முடியாது. அதே கதைதான்.

எப்படித் தெரியும் என்றால், நான் பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸில் டெய்லராக இருந்தவள். சட்டைக்குக் கை வைப்பதுதான் என் வேலை. காலர் ஒருத்தி, பட்டி ஒருத்தி, கை நான். பக்கத்து மெஷினில் ஷமீம் இன்னொரு கையை வைப்பாள். ஒரே சட்டைக்கு வலது கை நான், இடது கை அவள். உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ கை தூக்கிக் கும்பிட்டதும் ஆட்டோவை நிறுத்தியதும் நாங்கள் வைத்த கையில்தான் என்று ஷமீம் பெருமை பேசுவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டாக்டர் மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டார். சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றபடி மருந்து என்பது பயிற்சிதான். அடுத்த தடவை வரும்போது கை கொஞ்சமாவது மேலே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்து, அவர்களே கையைத் தூக்கி அந்த இறுக்கத்தைப் பிரித்துவிடுவார்களாம்.

எனக்கு வலிகூடப் பயமில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனால் எனக்குத் தெரியாமல் என் கையை யாரோ தூக்குவது என்றால் ஒரு மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் நான் தூக்கிய கை. அதை நானேதான் தூக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முடிவு செய்வது சுலபம்.

பிசியோதெரபி (உடற்பயிற்சி வைத்தியம்) சொல்லிக்கொடுத்த பெண் பெயர் சைத்ரா. என்னை அஜ்ஜி, அதாவது பாட்டி, என்பாள். குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்க வேண்டும். மூன்று வேளை. நடுவில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு சும்மா படுக்க வேண்டும்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா அஜ்ஜி. ஏனு மாடபேடா."

ஒன்றும் செய்யாதே என்கிறாள். என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தேன். காலையில் சுவர்ப் பக்கம் போவேன். சுவரில் ஒரு கறை இருக்கும். அதைத் துடைத்துவிட்டு ஏற்றலாம் என்று துணி எடுக்கப் போவேன். துணியைப் பார்த்தால் அலமாரி ஞாபகம் வரும். அலமாரி அடுக்கி முடிப்பதற்குள் குக்கர் வைக்க வேண்டும். எல்லாம் இடது கையால்தான். ராத்திரி படுக்கும்போது பார்த்தால் வீடு பளபளவென்று இருக்கும், பயிற்சி ஒன்றுகூட நடந்திருக்காது. சோம்பேறி என்றால் படுத்துக்கிடப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடியாடிக்கொண்டே சோம்பேறியாக இருக்கலாம் என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

கவிதா கதை வேறு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் யாரோ கேக் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் செய்யவும் மாட்டாள், சாப்பிடவும் மாட்டாள். சாப்பிடும்போது ஒரு கை மௌஸில் இருக்கும், அடிக்கடி அசைப்பாள். ஏன் என்று கேட்டேன். அசைக்காவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமாம், ஆள் சீட்டில் இல்லை என்று தெரிந்துவிடுமாம்.

"அப்ப வேலை செய்யேம்மா."

"மூடு வரல அத்தை."

"அப்ப தூங்கேன்."

"வேலை இருக்கே அத்தை."

இதையெல்லாமா எழுதச் சொல்கிறீர்கள் என்று இப்போது முறைக்கிறாள். எழுதும்மா, ஊரில் எத்தனையோ கவிதாக்கள் இருக்கிறார்கள்.

இப்படியே போனால் மயக்க மருந்துதான் என்று பயம் வந்தபோது ஷமீமுக்குப் போன் செய்தேன். அவள் நீலசந்திராவில் மகளோடு இருக்கிறாள், நாங்கள் ஈஜிபுராவில். பக்கம்தான், ஆனால் இரண்டு பேருக்கும் முட்டி வலி, அதனால் போன்தான். எல்லாம் சொன்னேன்.

"அரே, உனக்கு நோவு கையில இல்ல. மேல நின்னு கத்த ஆளு இல்ல, அதான் நோவு" என்றாள்.

"நீ கத்து."

"கத்தட்டா?"

மறுநாள் காலையில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் குரலில், மூக்கால் கத்தினாள்: "பேகா பேகா! சீக்கிரம்! ஏய் பூங்காவனம், பீஸ் எல்லி? பீஸ் எங்க? டீ குடிக்கவா வந்தே?"

எனக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. அந்த மெஷின் சத்தமும், துணிப் பஞ்சும், காலையில் பஸ்ஸில் ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்து போனதும், மத்தியானம் அவள் குஸ்காவை நானும் என் புளிச்சோற்றை அவளும் தின்றதும், எல்லாம் அந்தக் குரலோடு சமையலறைக்குள் வந்து நின்றன. அந்த சூப்பர்வைசரை அப்போது சபிக்காத நாளில்லை. இப்போது அந்தக் குரலுக்கு ஏங்குகிறேன் பாருங்கள். சிரித்துக்கொண்டே விரல்கள் சுவரில் ஏறின. நடுவில் வலித்தது, கத்தினேன். அவளும் கூடக் கத்தினாள். கவிதா மீட்டிங்கில் இருந்தாள். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்களாம்.

இங்கேதான் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன்.

கார்மென்ட்ஸில் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் உண்டு. கை வேகமாக இருப்பவர்கள் காலையில் கூடுதலாகத் தைத்து மெஷினுக்கு அடியில் ஒதுக்கி வைப்போம். மத்தியானம் கை ஓயும்போது அதை ஒன்றொன்றாக எடுத்துவிடுவோம். அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிப்பது, பாத்ரூம் போவது, ஷமீமுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவது எல்லாம். ஓய்வு என்றால் எங்களுக்கு அதுதான். முன்னாலேயே உழைத்து, ஒளித்து வைத்து எடுப்பது.

பயிற்சியையும் அப்படியே செய்தேன். மூன்று வேளைக்கும் சேர்த்துக் காலையிலேயே முடித்துவிட்டேன். அப்புறம் நாள் முழுக்க நிம்மதி. ஷமீமுக்கும் அது சரியாகத்தான் பட்டது. "சபாஷ், டார்கெட்டுக்கு மேலயே போயிட்டே!" என்றாள். மறுநாள், அதற்கடுத்த நாளுக்கு உள்ளதிலும் கொஞ்சம் சேர்த்துச் செய்தேன். வெந்நீர்ப் பை, சும்மா படுப்பது எல்லாம் விட்டுவிட்டேன். அதான் வேலை முடிந்ததே, எதற்குப் படுப்பது?

ஒருநாள் விடியும்போது தோள் நெருப்பாக இருந்தது. சீப்பைத் தூக்க முடியவில்லை. முன்னே வந்திருந்த கொஞ்ச உயரமும் போய்விட்டது. அன்றைக்குத்தான் அழுதேன். செய்யாமல் கெட்டால் புரிகிறது. செய்தும் கெட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சைத்ராவிடம் போனோம். கதையைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அஜ்ஜி! மூணு வேள ஊட்டா ஒரே வேளைல சாப்பிடுவீங்களா?"

"மாட்டேன்."

"மாத்திரை?"

"அதும் மாட்டேன்."

"மத்தே? கை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? நீங்க இழுக்கும்போது சரியாகல அஜ்ஜி. இழுத்துட்டு விட்டுட்டு படுக்குறீங்கல்ல, அப்பத்தான் சரியாகுது. படுக்குறதும் எக்சர்சைசுதான்."

எனக்கு இதை யாரும் சொன்னதே இல்லை. படுப்பது வேலை முடிந்ததற்குக் கூலி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கூலி வாங்க வேலையைக் காட்ட வேண்டும். காட்ட முடியாத நாளில் படுத்தால் உடம்பு கூசும். வேலைக்கு உள்ளேயே அது ஒரு வேலை என்றால் கூச வேண்டியதில்லையே.

சில நாள் கையை விட்டுவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஷமீமுக்கும் விஷயத்தைச் சொன்னேன். அவள் இப்போது இரண்டு தடவை போன் செய்வாள். முதல் போனில் "பேகா பேகா" என்று கத்துவாள். இரண்டாவது போனில் அதே மூக்குக் குரலில் "ஏய், யாரது எழுந்திரிக்கிறது? படு!" என்பாள். கவிதாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சில நாள் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து படுப்பாள்.

"அத்தை, புள்ளி மஞ்சளாயிருக்கும்."

"ஆகட்டும். மஞ்சள் மங்களகரம்."

எழுந்து போய் வேலை செய்தால் இரண்டு மணி நேர வேலை அரை மணியில் முடிகிறது என்கிறாள். எனக்கு அவள் கணக்கெல்லாம் தெரியாது. கேக் வீடியோ குறைந்திருக்கிறது, அது தெரியும்.

டாக்டரிடம் போகிற நாளும் வந்தது. உள்ளே போனதும், "தூக்குங்கம்மா" என்றார். தூக்கினேன். காதைத் தொட்டது. காதைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போய், அங்கே போதும் என்று நின்றது. டாக்டர் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். சத்தம் போடவில்லை நான்.

"மயக்க மருந்து வேணாம்" என்றார். "இப்படியே போகட்டும். முழுசா வர ஒரு வருஷம்கூட ஆகலாம். கடைசியில கொஞ்சம் குறையாவும் நிக்கலாம். பரவால்லையா?"

"கொண்ட போட வந்துட்டா போதும் சார்."

"இப்ப போட்டிருக்கறது யாரு?"

"நானே சார். கோணலா இருக்கா?"

"இருக்கு" என்றார் டாக்டர். கவிதாவும் ஆமாம் என்றாள். ரெண்டு பேருக்கும் இரக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்தேன். தூக்கக் கலக்கத்தில் வலது பக்கமாகப் புரண்டுவிட்டேன் போலிருக்கிறது. கண் திறந்தபோது எதிரே ஜன்னல் இருந்தது. இத்தனை மாதம் இடது பக்கமே படுத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பட்டர் ஃப்ரூட் மரத்தில் காய் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது பூத்தது, எப்போது காய்த்தது, ஒன்றும் தெரியாது. தோளுக்கு அடியில் என் எடை முழுக்க இருந்தது. தோள் அதைத் தாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. முன்பெல்லாம் உடம்பு என்றால் நான் ஓட்டுகிற மெஷின். அன்றைக்கு அது என் கூடப் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது.

கவிதா கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தை, முழிப்பாதான இருக்கீங்க? சாயங்கால எக்சர்சைஸ இப்பவே முடிச்சிடலாமா? அப்புறம் எனக்கு மீட்டிங் இருக்கு."

"அது சாயங்காலத்துக்கும்மா" என்றேன். "இப்ப மத்தியானம்தான நடக்குது."